அட்லாண்டிஸ் நிஜமா, அது நம்ம குமரிக்கண்டமா?

கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக இதுதான்: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன் ஒரு விண்வெளித் தொடர் பார்க்கிறான், அதில் அட்லாண்டிஸ் என்ற பழைய நகரம் முழுசாகவே ஒரு விண்கலமாகப் பறக்கிறது, அப்படி ஒரு ஊர் உண்மையில் இருந்ததா என்று அப்பாவைக் குடைகிறான். மும்பை செம்பூரில் பக்கத்து வீட்டுப் பெரியவரோ, அது வேறொன்றும் இல்லை, நம்ம குமரிக்கண்டத்தைத்தான் வெள்ளைக்காரன் பெயர் மாற்றி வைத்துக்கொண்டான் என்கிறார். பையனுக்கு என்ன சொல்வது?

பார்க்க ஒரு கேள்விதான், உள்ளே மூன்று இருக்கிறது. அந்தக் கதை யார் சொல்லி வந்தது, அவ்வளவு பெரிய நிலம் அப்படி மூழ்க முடியுமா, நம் ஏடுகள் சொல்கிற கடல்கோளுக்கும் அதற்கும் உறவு உண்டா. நான் வரலாறு படித்தவன் இல்லை. கிரேக்கம் தெரியாது, இந்தக் கதையை எழுதிய கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவை மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். ஆனால் இருபத்து மூன்று வருஷம் மும்பையிலிருந்து கப்பலேறிக் கடலடித் தரையை அளந்திருக்கிறேன். எண்ணெய்க் குழாயோ கேபிளோ போடுவதற்கு முன்னால் கீழே பாறையா, சேறா, பழைய கப்பலா என்று சோனார் என்ற ஒலிக் கருவியில் பார்த்துச் சொல்கிற வேலை. அதனால் நடுக் கேள்விக்குக் கொஞ்சம் தெம்பாகவே பதில் சொல்வேன், மற்ற இரண்டுக்கும் படித்ததை வைத்து.

முதலில் கதை. அட்லாண்டிஸ் தீவைப் பற்றி நம் கைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்து பிளேட்டோ கி.மு. 360 வாக்கில் எழுதிய டிமேயஸ், கிரிட்டியாஸ் என்ற இரண்டு உரையாடல்கள். அதற்கு முன்னால் ஒரு கிரேக்கரோ ஓர் எகிப்திய ஏடோ இந்தத் தீவைப் பற்றிப் பேசியதற்குச் சான்று கிடையாது. பின்னால் வந்த நாவல்காரர், சினிமாக்காரர், யூடியூப்காரர் எல்லோரும் அந்தச் சில பக்கங்களிலிருந்து கடன் வாங்கியவர்கள்தான். ஆயிரம் பேர் சொல்வது போலக் காதில் விழுந்தாலும் சாட்சி ஒன்றே ஒன்று. அந்தச் சாட்சியும் நேரில் பார்த்தது இல்லை. ஏதென்ஸின் பழைய அரசியல் அறிஞர் சோலோன் எகிப்துக்குப் போனாராம், சாயிஸ் நகரத்துக் கோயில் பூசாரி அவருக்குச் சொன்னாராம், அது வாய்வழியாக வந்து, தொண்ணூறு வயதுத் தாத்தா சொல்ல, அந்த உரையாடலில் பேசுகிற கிரிட்டியாஸ் என்பவர் பத்து வயதில் கேட்டாராம். உங்கள் வீட்டில் நடப்பதும் கிட்டத்தட்ட அதே காட்சிதான், பெரியவரும் பையனும்.

கதையின் அளவுகளைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஜிப்ரால்டர் நீரிணைக்கு, அதாவது அவர்கள் ஹெராக்ளிஸின் தூண்கள் என்று சொன்ன இடத்துக்கு வெளியே, லிபியாவையும் ஆசியாவையும் சேர்த்தால் எவ்வளவோ அதைவிடப் பெரிய தீவு (அவர்கள் அறிந்த லிபியாவும் ஆசியாவும் இன்றைய வரைபடத்தில் உள்ளவை இல்லை, அது வேறு). தலைநகரம் வட்டவட்டமாக, தண்ணீர் வளையம் மூன்று, நில வளையம் இரண்டு, நடுவில் 5 ஸ்டேடியா (பழைய கிரேக்க நீள அளவு) அகலத் தீவு. ஒவ்வொரு வளையத்துக்கும் அகலம் கொடுத்திருக்கிறார், கூட்டினால் முழு வட்டத்தின் குறுக்களவு 27 ஸ்டேடியா. சுமார் 5 கிலோமீட்டர், சயானிலிருந்து செம்பூர் போகிற தூரம். கடலிலிருந்து உள்ளே வர 50 ஸ்டேடியா நீளம், 300 அடி அகலம், 100 அடி ஆழத்தில் கால்வாய். பின்னால் 3000க்கு 2000 ஸ்டேடியாவில் ஒரு சமவெளி. வெந்நீர் ஊற்று, குளிர்ந்த நீர் ஊற்று, யானைக் கூட்டம், ஒரிகால்கம் என்ற பளபளக்கும் உலோகம் பூசிய மதில். இவ்வளவு துல்லியமாக ஒருவர் சொன்னால் கேட்கிறவர்கள் நம்பிவிடுவார்கள். ஆனால் அளந்து பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எல்லாம் முழு எண்ணாக, 1, 2, 2, 3, 3 என்று வரிசையாக அமைந்த அளவைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். நிஜமான ஊர் அப்படி அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்காது.

அதைவிட முக்கியமானது, அந்தக் கதை எதற்காகச் சொல்லப்படுகிறது என்பது. டிமேயஸ் தொடங்கும்போது சாக்ரடீஸ், முந்தின நாள் பேசிய இலட்சிய நகரத்தை நினைவுபடுத்திவிட்டு, அழகான விலங்குகளை ஓவியத்தில் பார்ப்பவன் அவை ஓடி விளையாடுவதைப் பார்க்க ஆசைப்படுவது போல, இந்த நகரம் ஒரு போரில் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க ஆசை என்கிறார். அந்த ஆசையைத் தீர்க்கத்தான் கிரிட்டியாஸ் கதையை எடுக்கிறார். கதையின் நாயகன் அட்லாண்டிஸ் இல்லை, பழைய ஏதென்ஸ். அட்லாண்டிஸ் வில்லன். பணமும் கப்பலும் திமிரும் ஏறிப்போய் ஊரையெல்லாம் பிடிக்க வந்த வல்லரசு, அதைச் சின்ன ஏதென்ஸ் அடித்து விரட்டுகிறது, அப்புறம் ஒரே பகல் ஒரே இரவில் தீவு கடலுக்குள் போகிறது. நம் ஊர் சினிமாவில் வில்லன் பங்களாவை மாடிப்படி வரைக்கும் காட்டுவார்கள் இல்லையா, அந்த மாதிரிதான் இந்த வர்ணனை. கிரிட்டியாஸ் என்ற அந்த உரையாடல் முடியவும் இல்லை. ஜீயஸ் தேவர்களைக் கூட்டிப் பேச வாயைத் திறக்கிற இடத்தில் பாதி வாக்கியத்தோடு நின்றுவிடுகிறது. புனைகதை எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல அழைப்பு எது?

காலக் கணக்கும் இடிக்கிறது. சோலோனுக்கு 9000 ஆண்டுகளுக்கு முன் என்றால் கி.மு. 9600 வாக்கு. அந்தக் காலத்தில் உலகத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், துருக்கியின் கோபெக்லி தெபேயில் ஏறக்குறைய அதே சமயத்தில் வேட்டையாடிப் பிழைத்தவர்கள் பெரிய கல்தூண்களை நட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் எதிர்த்துச் சண்டை போட ஏதென்ஸ் என்ற ஊரே அன்றைக்குக் கிடையாது. கிரேக்க நிலத்தில் விவசாயமே அதற்குப் பின்னால்தான் வருகிறது.

இதுவரை சொன்னது உறுதியானது. பிளேட்டோவுக்கு மூழ்கும் ஊர் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது ஊகம், ஆனால் நல்ல ஊகங்கள் உண்டு. கி.மு. 373ல், அவர் உயிரோடு இருக்கும்போதே, கிரேக்கத்தின் கொரிந்து வளைகுடாக் கரையில் ஹெலிகே என்ற நகரம் ஓர் இரவில் நிலநடுக்கத்திலும் கடல் அலையிலும் காணாமல் போனது. கடலுக்கடியிலேயே அதை ரொம்ப நாள் தேடினார்கள். 2001ல் அகப்பட்டது கரையில், பழைய காயல் சேற்றுக்கு அடியில். இன்னொன்று கிரேக்கத் தீவான சான்டோரினியின் எரிமலை, கி.மு. 1600ஐ ஒட்டி வெடித்துத் தீவின் நடுப்பகுதியையே விழுங்கியது, அதன் சாம்பலுக்குள்ளிருந்து அக்ரோதிரி என்ற ஊரை 1967 முதல் தோண்டி எடுத்திருக்கிறார்கள். மாடி வீடுகள், சுவர் ஓவியங்கள், சாக்கடை எல்லாம் அப்படியே. அக்ரோதிரிதான் அட்லாண்டிஸ் என்று சொல்பவர்கள் இடத்தையும் மாற்ற வேண்டும், காலத்தையும் மாற்ற வேண்டும், அளவையும் மாற்ற வேண்டும். மூன்றையும் மாற்றிய பிறகு மிச்சம் என்ன இருக்கிறது?

இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் இது பெரும்பாலும் தத்துவம் படித்தவர்களின் பேச்சாகத்தான் இருந்தது. 1870 வாக்கில் ஜூல் வெர்னின் நீர்மூழ்கிக் கப்பல் நாவலில் கேப்டன் நெமோ தன் விருந்தாளியைக் கடலடியில் நடத்திக் கூட்டிப் போய், இடிந்த தூண்களைக் காட்டி, சுண்ணாம்புக் கல் ஒன்றை எடுத்துக் கறுப்புப் பாறையில் அந்த ஒற்றைப் பெயரை எழுதுகிறார். அறிவியல் புனைகதைக்குள் அட்லாண்டிஸ் இப்படிக் கம்பீரமாக நுழைந்தது. 1882ல் இக்னேஷியஸ் டானெலி என்ற அமெரிக்க அரசியல்வாதி, இது கதை இல்லை, உலக நாகரிகம் எல்லாமே அங்கிருந்துதான் கிளைத்தது என்று ஒரு புத்தகம் போட்டார். இன்றைக்கு வாட்ஸப்பில் சுற்றுவதில் பாதி அவர் போட்ட விதை. உங்கள் பையன் பார்க்கிற பறக்கும் நகரம் இந்தப் பரம்பரையின் கொள்ளுப்பேரன்.

சரி, என் துறைக்கு வருகிறேன். கண்டம் என்பது பெரும்பாலும் கிரானைட் வகைப் பாறை, கடலடித் தரை பசால்ட் என்ற எரிமலைப் பாறை. கிரானைட் லேசு, பசால்ட் கனம். கண்டங்கள் கீழே இருக்கும் கனமான பாறை மேல் மரக்கட்டை மாதிரி மிதக்கின்றன. ஓரம் தேயலாம், பிளக்கலாம், கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெலிந்து நீருக்குள் தாழலாம், ஆனால் ஒரு பகல் ஓர் இரவில் ஒரு கண்டம் அடியில் போய்ப் படுக்க வழி இல்லை. அட்லாண்டிக் நடுவில் வடக்கு தெற்காக ஒரு மலைத்தொடர் கிடப்பது தெரிந்தபோது, அதோ அட்லாண்டிஸ் என்று குதித்தவர்கள் உண்டு. அது மூழ்கிய நிலமே இல்லை, அடியிலிருந்து புதிதாக வெளியே வருகிற பாறை. அந்தக் கடல் மூடுவதற்குப் பதிலாக வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் திறந்துகொண்டே போகிறது.

இதற்காகக் கடல் நிலத்தைக் கொண்டதே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். நிறையக் கொண்டிருக்கிறது. 20,000 ஆண்டுகளுக்கு முன்னால் பனியுகத்தின் உச்சத்தில் கடல் மட்டம் இன்றையதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. மும்பைக்கு மேற்கே 160 கிலோமீட்டரில் பாம்பே ஹை எண்ணெய் மேடைகள் நிற்கிற இடத்தில் ஆழம் 75 மீட்டர்தான். அதாவது நான் ஹெலிகாப்டரில் போய் வேலை பார்த்த இடத்துக்கு அன்றைக்கு ஒருவன் கால்நடையாகவே போயிருக்கலாம். மன்னார் பக்கம் இலங்கைக்கும் அப்படித்தான். ஆனால் பனி உருகிக் கடல் ஏறிய வேகம், மிக வேகமான காலத்திலும், வருஷத்துக்கு நாலைந்து சென்டிமீட்டர். குடிசையைப் பிரித்துப் பத்தடி தள்ளிக் கட்ட ஒரு தலைமுறை அவகாசம் கிடைத்திருக்கும். பாட்டன் மேய்ச்ச நிலம் தண்ணிக்குள்ள இருக்கு என்ற பேச்சு இப்படி வந்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். இது என் நினைப்புதான், நிரூபிக்க முடியாது.

சோனார் படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கடலடியில் நகரம் என்று வருகிற படங்கள் பெரும்பாலும் அதுதான். கயிற்றில் கட்டிக் கப்பலுக்குப் பின்னால் இழுக்கிற கருவியை நாங்கள் மீன் என்போம். அது இரண்டு பக்கமும் ஒலியை வீசி, திரும்பி வருவதை வரிவரியாகப் படமாக்கும். ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு குழாய் வழி அளக்கப் போனோம். எனக்கு இரவு ஷிஃப்ட், புதுசு வேறு. இரண்டு மணி வாக்கில் திரையில் நேர்கோடுகள் வர ஆரம்பித்தன, இரட்டை இரட்டையாக, ஒன்றையொன்று சதுரமாக வெட்டிக்கொண்டு, இடையிடையே கருநிழலோடு சின்னச் சின்னப் புள்ளிகள். தெருவும் வீடும் மாதிரியே இருந்தது. பார்ட்டி சீஃபை, அதாவது எங்கள் அளவைக் குழுத் தலைவரை எழுப்பலாமா என்று எழுந்துவிட்டேன். கயிறு இழுக்கிற வின்ச் எந்திரத்தைப் பார்க்கிற குளச்சல்காரர் தேநீர் டம்ளரோடு உள்ளே வந்தவர் திரையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது ஊருமில்ல கோயிலுமில்ல, மடி இழுத்த தடம். ரெண்டு பலகையும் உழுதுட்டுப் போயிருக்கு பாருங்க" என்றார். இழுவை வலையான மடியின் வாயை விரித்துப் பிடிக்கிற இரண்டு பலகைகள் சேற்றில் கீறின கோடு. வடக்கு தெற்காக ஒரு படகு, கிழக்கு மேற்காக இன்னொன்று. புள்ளிகள் பாறைத் துண்டுகள். நல்லவேளை சீஃபை எழுப்பவில்லை.

2009 பிப்ரவரியில் கூகுள் எர்த்தில் கேனரித் தீவுகளுக்குப் பக்கத்தில் கட்டம் கட்டமாகக் கோடுகள் தெரிகின்றன, அட்லாண்டிஸ் கிடைத்துவிட்டது என்று பத்திரிகைகள் கொண்டாடியபோது எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வந்தது. ஆழம் அளந்த கப்பல்கள் போன பாதைகள்தான் அவை என்று கூகுளே விளக்கம் கொடுத்தது. அளந்த கோட்டில் தகவல் துல்லியம், நடுவில் தோராயம், அந்த வித்தியாசம்தான் தெருவாகத் தெரிந்தது. நம் பக்கத்திலேயே 2001ல் குஜராத்தின் கம்பாத் வளைகுடாவில் 40 மீட்டர் ஆழத்தில் நகரம் என்று ஓர் அறிவிப்பு வந்தது. சோனார் படத்தில் செவ்வக வடிவங்கள், அடியிலிருந்து வாரி எடுத்த பொருட்களில் ஒரு மரத்துண்டு 9500 ஆண்டு பழையது. மரத்தின் வயதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் அந்த வளைகுடாவின் நீரோட்டம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது எதையும் வைத்த இடத்தில் வைக்காது. வாரி எடுத்த துண்டு அங்கேயே கிடந்ததா, ஆறு அடித்து வந்து போட்டதா என்று சொல்ல முடியாது. மரம் பழசு என்பதால் பக்கத்தில் தெரியும் வடிவமும் அதே வயது என்று ஆகிவிடாது. தோண்டிப் பார்த்து, அடுக்கடுக்காக எது எங்கே கிடந்தது என்று பதிவு செய்கிற வரைக்கும் அது நகரம் இல்லை, படம்.

இப்போது பக்கத்து வீட்டுப் பெரியவர். அவர் சொல்வதில் பாதி மிகவும் மதிக்க வேண்டியது. "பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள" என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. கலித்தொகையிலும் பாண்டியன் நிலத்தைக் கடல் வௌவியது வருகிறது. இறையனார் களவியல் உரை தலைச்சங்கம், இடைச்சங்கம், கடைச்சங்கம் என்று எண்ணி, இடைச்சங்கம் இருந்த கபாடபுரத்தையும் கடல் கொண்டது என்கிறது. இது எதுவும் அட்லாண்டிஸிலிருந்து கடன் வாங்கியது இல்லை. வெள்ளைக்காரன் இதிலிருந்து திருடவும் இல்லை, பிளேட்டோவுக்குத் தமிழ் ஏடு தெரிந்திருக்க வழி இல்லை. இரண்டும் தனித்தனிக் கதை.

ஆனால் எண்களைக் கவனியுங்கள். தலைச்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700, கடைச்சங்கம் 1850. மூன்றுமே 37ஆல் மீதியில்லாமல் வகுபடும், பையனைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டினால் 9990. இது ஆண்டுக் குறிப்பு எழுதி வைத்த கை இல்லை, ஒரு கணக்கில் அமைத்த கை, பிளேட்டோவின் வளையங்கள் மாதிரியே. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் பஃறுளிக்கும் குமரிக்கும் இடையே 700 காவதம், ஏழேழாக 49 நாடு என்கிறார். காவதத்துக்குப் பத்து மைல் என்ற வழக்கமான கணக்கை வைத்தால் கன்னியாகுமரியிலிருந்து தெற்கே புறப்பட்டுத் தென் துருவத்தையும் தாண்டிவிடுவோம். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் காவதம் வேறாக இருக்கலாம், அல்லது ரொம்பப் பெரிய நிலம் என்பதற்கு அவர் காலத்தில் அதுதான் சொல்லும் முறையாக இருக்கலாம்.

கண்டம் என்ற பேச்சு இதில் எப்படி ஏறியது என்றால், அது வேறு வழி. 1864ல் பிலிப் ஸ்க்லேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் என்ற குரங்கு போன்ற விலங்கு வகையின் தடம் இருப்பதற்குக் காரணம் சொல்ல, நடுவில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்து அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். அன்றைய அறிவுக்கு அது நியாயமான ஊகம். பின்னால் கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்ததும் அந்த ஊகத்துக்கு வேலை இல்லாமல் போனது. நிலம் மூழ்கவில்லை, இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து பிரிந்தன. ஆனால் அதற்குள் பிரம்மஞான சபையை நிறுவிய பிளாவட்ஸ்கி போன்றவர்கள் லெமூரியாவில் ஆட்களையே குடியேற்றிவிட்டார்கள், நம்மவர்கள் பஃறுளியைக் கொண்டுபோய் அதில் பொருத்திவிட்டார்கள். மொரீஷியஸுக்கு அடியில் பழைய கண்டத் துண்டு இருப்பதாக 2013ல் வந்த ஆய்வைக் காட்டி இப்போதும் சிலர் வாதாடுகிறார்கள். துண்டு இருப்பது சரி, ஆனால் அது பிரிந்து மறைந்தது டைனோசர் காலத்தில், அப்போது பாண்டியனும் கிடையாது, பாட்டும் கிடையாது.

அப்படியானால் பஃறுளி? குமரிமுனைக்குத் தெற்கே வெட்ஜ் பேங்க் என்று மீன் நிறைந்த மேட்டுக் கடல் இருக்கிறது, குமரி மீனவர்கள் கரையில் உள்ள மலையையும் கோபுரத்தையும் கணியம் பார்த்து, அதாவது அடையாளமாக வைத்து இடம் கணித்து, அங்கே போய் வருவார்கள். பனியுகத்தில் அதன் ஆழம் குறைந்த பகுதிகள் நிலமாக இருந்திருக்கும். அதற்கு அப்பால் தரை சட்டென்று ஆயிரக்கணக்கான மீட்டர் இறங்குகிறது, அங்கே நாடு இருந்திருக்க இடமில்லை. ஒரு கடற்கரை, ஓர் ஆறு, ஒரு சில ஊர் போயிருக்கலாம் என்பது வரைக்கும் நான் வருவேன், அதற்கு மேல் வரமாட்டேன். பூம்புகாருக்கு எதிரே 23 மீட்டர் ஆழத்தில் லாடம் மாதிரி ஓர் அமைப்பைப் பார்த்திருக்கிறார்கள், அது மனிதன் கட்டியதா, எந்தக் காலம் என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

நிஜமாக மூழ்கிய நகரம் எப்படி இருக்கும் என்று பையன் கேட்டால் எகிப்தின் ஹெராக்ளியானைச் சொல்லுங்கள். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பெயர் சொன்ன துறைமுகம், அலெக்சாந்திரியாவுக்குப் பக்கத்தில் அபூகிர் விரிகுடாவில், கரையிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி, பத்து மீட்டர் ஆழத்தில் 2000ல் கிடைத்தது. சிலைகள், நங்கூரங்கள், ஊரின் பெயரே பொறித்த கல்வெட்டு வரை. சேற்றுத் தரை நிலநடுக்கத்தில் கஞ்சியாக இளகி ஊர் உள்ளே போயிற்று. 1692ல் ஜமைக்காவின் போர்ட் ராயல் போனதும் அப்படித்தான், சில நிமிஷத்தில். நம் தனுஷ்கோடியைக் கொண்டுபோக 1964 டிசம்பர் புயலுக்கு ஓர் இரவு போதுமாக இருந்தது, ரயிலோடு சேர்த்து. எல்லாமே கரையோரம், எல்லாமே ஆழம் குறைவு, எல்லாமே சின்ன இடம்.

இன்னொன்று, எகிப்து வரைக்கும் போகாமலே காட்டலாம். செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் சி.எஸ்.எம்.டி. நிலையத்துக்குப் போகும்போது டாக்யார்ட் ரோடு, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு தாண்டுகிற இடத்தில் கிழக்குப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். 1880ல் திறந்த பிரின்ஸஸ் டாக்கைத் தோண்டும்போது கடல்சேற்றுக்கு அடியில் ஒரு காடே அகப்பட்டது. நூற்றுக்கணக்கான மரம், பாதிக்கு மேல் நட்டது நட்டபடி, வேர் மண்ணில் பிடித்தபடியே. கைர் மரம், நம் ஊரில் செங்கருங்காலி என்போமே, அது. உப்புத் தண்ணீரில் முளைக்காத மரம் கடலுக்கடியில் நின்றால் என்ன அர்த்தம் என்று அவனே கண்டுபிடித்துச் சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.